எட்டு நாள் வாரம்

பொகவந்தலாவைத் தபாலில்
சைக்ளோஸ்டைல் தாளாக வந்தது உத்தரவு:
இனி ஞாயிறு வேலை நாள்.
ஓய்வை நிலா சொல்லும்,
அமாவாசை, அட்டமி, பௌர்ணமி, மறுபடி அட்டமி.
துரை கையெழுத்துப் போட்டிருந்தார்,
தாள் கிழியும் அழுத்தத்தில்.

செக்ரோலில் ஏழாவது கட்டம் சிவப்பு.
எப்போதோ கொழும்பில் அச்சடித்த புத்தகம்;
நிலாவுக்கு அதில் இடம் விடவில்லை.
பென்சிலை நக்கி நக்கிச்
சிவப்பை நகர்த்தினேன்.
போயாவிலிருந்து போயாவுக்கு
ஒரு வாரம் ஏழு நாள், மறு வாரம் எட்டு.
எட்டாவதற்குப் பெயர் பழையதுதான்,
ஏதோ ஒரு திங்கள், ஏதோ ஒரு புதன்.
கட்டம்தான் இல்லை.
ஓரத்தில் ஒன்று கீறிக்கொண்டேன்,
அடிமட்டம் இல்லாமல், கோணலாக.

ஏழு நாளுக்கு அளந்த அரிசி
எட்டாம் நாள் காலையில்
லயத்து அடுப்புகளில் வெறும் தண்ணீராகக் கொதித்தது.

முதலில் வந்தவள் இஞ்ஞாசியம்மாள்.
"கடவுளே ஆறு நாள் வேலை செஞ்சி
ஏழாவது நாள் ஒக்காந்தாரு.
அவருக்கு யாருங்க ஐயா செக்ரோல் போட்டது?"
பதில் இல்லை என்னிடம்.
அரைப்பேர் இருந்தது; போட்டேன்.
உதுமான் லெப்பை எப்போதும்போல
வெள்ளிக்கிழமை உச்சியில் கடைப்பலகை சாத்தினார்;
சுற்றறிக்கை அவர் கருவாட்டுச் சாக்கின் மேல் கிடந்தது.
கங்காணி சனிக்கிழமை எள்ளெண்ணெய் வாங்கினார்.
கீழ்க் கிராமத்துச் சோமாவதி
கீரைக்கட்டை இறக்கி "இரிதா" என்றாள்.
அதுவும் ஞாயிறுதான்.
அவள் வாயிலும் சூரியன்.

ராத்திரி குப்பிலாம்பு வெளிச்சத்தில்
பஞ்சாங்கத்தின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
எங்கோ இரண்டு ஆறுகளுக்கு நடுவில்
களிமண் பலகையோடு ஒருவன்
ஓரிடத்தில் நிற்காத வெளிச்சங்களை
எண்ணியிருக்கிறான். ஏழு.
பின்னால் வந்த எவனோ
மெல்ல நடக்கும் சனி முதல்
அவசரக்காரத் திங்கள் வரை
மணிக்கு ஒருவரெனக் காவல் போட்டு,
முதல் மணி யாருடையதோ
நாளை அவர் பேரில் எழுதினான்.
அவர்கள் சாமிகள் செத்துப்போயின.
வரிசை பிழைத்துக்கொண்டது.
ஒட்டகம் ஏறி, பாய்க்கப்பல் ஏறி,
வேதம் மாற்றி, உடுப்பு மாற்றி
இந்த மலை வரை வந்துவிட்டது.
மண்டபம் கேம்பில் யாரும் அதை நிறுத்தி
ஊசி போடவில்லை.

சடையாண்டியை நிறுத்தினார்கள்,
தாய் இடுப்பில் இருந்த வயதில்.
அவனுக்கு இப்போது கடிதம் வந்திருந்தது:
பிரஜாவுரிமை விசாரணை, கண்டி, பதினேழாம் திகதி.
கோட்டு ஒன்றை இரவல் வாங்கி,
துண்டு, பிறப்புச் சீட்டு, தகப்பனின் கடன் ரசீது
எல்லாம் பிஸ்கட் டின்னில் அடைத்துப்
போனான்.
கந்தோர் பூட்டு.
காவல்காரன் ஆகாயத்தைக் காட்டினான்:
"போயா."

திரும்பி வந்தான். ரெண்டு பேர் போனது.
"கடுதாசி எழுதுனவருக்கு
நெலா தெரியாதுங்களா ஐயா?"

கோயில் மூலையில் ஒன்பது பேர் நிற்கிறார்கள்,
ஒருவர் முகம் ஒருவர் பாராமல்.
ஏழு பேருக்குக் கிழமை உண்டு.
ராகுவுக்கும் கேதுவுக்கும் இல்லை.
அடுத்தவர் நாளில் ஒன்றரை மணி நேரம்
ஒண்டிக்கொள்கிறார்கள்.
நல்ல காரியமென்றால்
அந்த நேரத்தையும் தள்ளிவைத்துப் போகிறது சனம்.

அந்த வாரம் எட்டு நாள்.
கோணல் கட்டத்தில்
சடையாண்டிக்கு நேரே
முழுப் பேர் போட்டேன்.

மாதக்கடைசியில் கூட்டல் இடிக்கும்.
ஆடிட்டர் மூக்குக்கண்ணாடியை இறக்கி
இது எந்தக் கிழமை என்பார்.
இன்னும் யோசிக்கவில்லை.